இருபத்திரண்டு நிமிடத்துப் பெயர்

யாவ் வெய்னிங் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒன்பதாம் வகுப்பு மூன்றாம் பிரிவு மரியாதையாக எழுந்து நிற்கும், மரியாதையாக வணக்கம் சொல்லும், உட்கார்ந்த பிறகு அதே மரியாதையோடு தூங்கிவிடும். வேதியியல் வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. முதல் இருபது தனிமங்களைப் பாட்டாகப் பாடும்போது மட்டும் எல்லா வாயும் திறக்கும். ஹைட்ரஜனில் தொடங்கிக் கால்சியத்தில் முடியும் அந்தப் பாட்டைப் பிள்ளைகள் கண்ணைத் திறக்காமலேயே பாடக் கற்றிருந்தார்கள். பாடி முடித்ததும் தலைகள் ஒவ்வொன்றாக மேசைமேல் சாயும்.

யாவ் டீச்சருக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் தாவ்ஷி என்ற அந்தச் சிற்றூரை விட்டு மாவட்டத் தலைநகருக்கு மாற்றலாகிப் போய்விட வேண்டும் என்ற ஆசை அந்த வருத்தத்தைவிடப் பெரியது. அங்கே நல்ல ஆய்வுக்கூடம் உள்ள பள்ளிகள் இருந்தன, மழையில் சேறாகாத தெருக்கள் இருந்தன. அவளுடைய மாற்றல் விண்ணப்பம் கல்வி அலுவலகத்தில் எங்கோ ஒரு மேசை இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப ஒரே வழி, வசந்தகாலத்தில் நடக்கும் பொது வகுப்புப் போட்டி. மாவட்டத்திலிருந்து நடுவர்கள் வந்து அமர்வார்கள், ஆசிரியர் அவர்கள் முன்னால் ஒரு பாடம் நடத்த வேண்டும். முதல் பரிசு வாங்கியவரை எந்த ஊரும் கட்டி வைத்ததில்லை.

"இந்த வருஷம் மேலிடத்துலேருந்து ஒரே வார்த்தைதான் வந்திருக்கு. சுவாரசியம்," என்றார் தலைமையாசிரியர் கோங். தீயணைப்புச் சுற்றறிக்கையை வாசித்த அதே குரலில்தான் இதையும் வாசித்தார். "சின்ன யாவ், நல்லா கேட்டுக்க. பசங்க சிரிக்கணும், ஆனா கெக்கே பிக்கேன்னு சிரிக்கக் கூடாது. ஆச்சரியப்படணும், ஆனா மணி அடிக்கறதுக்குள்ள ஆச்சரியப்பட்டு முடிச்சிரணும்."

பள்ளியில் அவளைவிட வயதில் குறைந்த ஆசிரியர் யாருமில்லை. அதனால் அவள் எப்போதும் சின்ன யாவ்தான்.

அவள் இணையத்தில் தேடினாள். எரிமலை செய்யச் சொன்னார்கள், ஆனால் பிள்ளைகள் அதை மூன்றாம் வகுப்பிலேயே செய்து முடித்திருந்தார்கள். அட்டை விளையாட்டுச் சொன்னார்கள், அட்டைகளை வைத்துப் பையன்கள் சூதாட ஆரம்பித்தார்கள். கடைசியில் யோசனை கிடைத்தது வருகைப் பதிவில். ஒரு நாள் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவள், சுவரில் தொங்கிய தனிம அட்டவணையை ஏதோ நினைப்பில் பார்த்தாள். அவர்கள் மொழியில் பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்துதான்; பதிவேட்டில் இருந்த பெயர் எழுத்துகளில் ஐந்தாறு அட்டவணையிலும் இருந்தன.

இதற்குக் காரணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருந்த ஹூ மாஸ்டர். தாவ்ஷியில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அவர்தான் பெயர் பார்த்தார். பிறந்த நேரத்தைச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார், விரல்களை எண்ணுவார், பிறகு "பொன்னு குறையுது" என்பார். பிறப்பில் அமைய வேண்டிய ஐந்து பூதங்களில் சிலருக்கு நீர் குறையும், சிலருக்கு மரம் குறையும். ஆனால் அந்த வகுப்புப் பிள்ளைகள் பிறந்த வருடங்களில் அவருக்கு என்னவோ பொன் மேலேயே பிடித்தம். குறையைத் தீர்க்கப் பெயரின் எழுத்தில் பொன் என்ற குறி இருந்தாக வேண்டும். அகராதியில் பொன் குறி போட்ட பக்கங்களைத் திறந்து, காதுக்கு இனிமையான எழுத்தாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அழகு என்ற சொல்லைப்போலவே ஒலிக்கும் மெய். வீடு என்று ஒலிக்கும் ஜியா. நறுமணம் என்று ஒலிக்கும் ஃபாங்.

அவர் வேதியியல் படித்ததில்லை. வெகுகாலத்துக்கு முன்பு மேல்நாட்டு வேதியியல் நூல்களை மொழிபெயர்த்தவர்கள் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஓர் எழுத்துத் தேவைப்பட்டபோது, இடப்பக்கம் பொன் குறியும் வலப்பக்கம் ஓர் ஒலியும் வைத்துப் புதிது புதிதாகச் செய்துகொண்டார்கள். அவர்கள் ஜோதிடம் படித்ததில்லை. இரு தரப்பும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே பட்டறையில் வேலை செய்திருந்தார்கள். மெய் என்றால் மெக்னீசியம். ஜியா என்றால் காலியம்.

மறுநாள் யாவ் டீச்சர் பாட்டைத் தொடங்கவில்லை.

"ஹான் மெய், முன்னால வா. நீ யாருன்னு தெரியுமா?"

"ஹான் மெய், டீச்சர்," என்றாள் அந்தப் பெண், ஏதோ தப்புச் செய்துவிட்ட பயத்தோடு.

டீச்சர் இடுக்கியில் ஒரு துண்டு மெக்னீசிய நாடாவைப் பிடித்துப் பற்ற வைத்தாள். கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளி அறையை நிறைத்தது. மேசைமேல் சாய்ந்திருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. "இதுதான் நீ," என்றாள் டீச்சர். ஹான் மெய்க்கு அதற்குப் பிறகு வாய் மூடவே இல்லை.

ஜியா என்ற பையனின் உள்ளங்கையில் ஒரு துண்டு காலியத்தை வைத்தாள். கெட்டியாக இருந்தது கையின் சூட்டில் உருகிப் பாதரசம்போல் ஓடியது. "பாருங்கடா, பொண்ணுங்க கையப் புடிச்சாலே உருகிருவான்," என்று பின்னாலிருந்து யாரோ கத்த, வகுப்பு கூரை அதிரச் சிரித்தது. பெயரில் பொன் குறி இல்லாதவர்களுக்குப் பொறாமை வந்தது. காடு என்று பொருள்படும் லின் என்ற பையன், "டீச்சர், மரத்துல கார்பன் இருக்குல்ல? அப்ப என்னையும் சேத்துக்குங்க," என்று கெஞ்சினான்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர், நான்?"

மெங் ஃபாங். அந்தப் பெண் வகுப்பில் பேசி யாவ் டீச்சர் கேட்டதே இல்லை. தூங்குவதில் மூன்றாம் பிரிவுக்கே தலைவி அவள்.

டீச்சர் இவளுக்கு ஒன்றும் தயார் செய்திருக்கவில்லை. தயார் செய்யவும் முடியாது. "நீ ஃபிரான்சியம். எண்பத்தேழாவது தனிமம்," என்று சொல்லிவிட்டுக் கைப்புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள். "கதிர்வீச்சு உள்ள உலோகம். ரொம்ப ரொம்ப அரிது. அரை ஆயுள் இருபத்திரெண்டு நிமிஷம்."

வகுப்பு முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. பிறகு ஜியா கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினான். "ஃபாங், சீக்கிரம் தூங்கி எழுந்துரு!"

மாலை மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்க அவள் பெயர் இருபத்திரண்டு நிமிஷம் ஆகிவிட்டது.

*

ஃபாங்கின் அப்பா மெங், ஆற்றுப் பாலத்தருகே வாத்துக் கழுத்து வறுத்து விற்பவர். மறுநாள் காலை கடை ஏப்ரனோடு ஆசிரியர் அறைக்குள் வந்து நின்றார். அவரோடு மிளகாயும் நட்சத்திர சோம்பும் மணந்துகொண்டு வந்தன.

"டீச்சர், என் பொண்ணுக்கு அரை ஆயுசுன்னு சொன்னீங்களாமே?"

"ஐயோ, அது அரை ஆயுசு இல்லைங்க, அரை ஆயுள்... அது தனிமத்துக்கு. ஃபாங்குக்கு இல்ல."

"பேரு ஒண்ணுதானே?"

"பேரு ஒண்ணுதான், ஆனா..."

"புத்தகத்துல போட்டிருக்கா இல்லையா?"

"போட்டிருக்கு."

"அரசாங்கம் அச்சடிச்ச புத்தகம்," என்றார் மெங், மற்ற ஆசிரியர்களைச் சாட்சிக்கு அழைப்பதுபோல் சுற்றிப் பார்த்து. "ஹூ மாஸ்டர்கிட்டப் போனேன். அகராதில ஆயுசு போடல, நான் என்ன பண்ணுவேன்னு கைய விரிச்சிட்டாரு. என் பொண்டாட்டி நேத்துலேருந்து சோறு திங்கல. நீங்கதானே கண்டுபிடிச்சீங்க, நீங்களே வேற பேரு சொல்லுங்க. இல்லேன்னா மாவட்ட ஆபீசுக்கு மனு எழுதுவேன். பொது வகுப்பு நடத்துதாமே, அந்த ஆபீசுக்குத்தான்."

தலைமையாசிரியர் கோங் வெந்நீர்க் குடுவையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். யாவ் டீச்சரைத் தனியே அழைத்துப் போனார்.

"ஒரு பேரு குடுத்துரு, சின்ன யாவ். மொத்தம் நூத்துப் பதினெட்டு இருக்கே. ஒண்ணு குடுத்தா குறைஞ்சா போயிரும்?"

"சார், நான் கெமிஸ்ட்ரி டீச்சர். பேரு பாக்கறவ இல்ல."

"மனு வந்தா எதுவாவும் இருக்க மாட்டே."

அவள் திரும்பி வந்து அட்டவணையின் முன்னால் நின்றாள். கதிர்வீச்சு உள்ளவற்றை ஒதுக்கினாள். நஞ்சுள்ளவற்றை ஒதுக்கினாள். தண்ணீரில் போட்டால் வெடிப்பவற்றை ஒதுக்கினாள். பெண் பிள்ளைக்குப் பொருந்தும் ஒலியாகவும் இருக்க வேண்டும். விரல் மெல்ல நகர்ந்து ஓர் எழுத்தில் நின்றது.

"யீ," என்றாள். "இரிடியம். துருப் பிடிக்காது. அமிலத்துல கரையாது. பேனா முள்ளோட நுனியில வைக்கிறது."

மெங் சட்டைப் பையிலிருந்து மகளுடைய பழைய மைப்பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். முள்ளின்மேல் அந்த எழுத்து பொறித்திருந்தது. இத்தனை வருடமாக எல்லோர் வீட்டிலும் கிடந்த எழுத்து.

"அரை ஆயுசு?"

"கிடையாது. அப்படியே இருக்கும்."

மெங்கின் முகம் தராசுத் தட்டு தம் பக்கம் சாய்ந்த வியாபாரியின் முகமாக மலர்ந்தது. இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பொது வகுப்பில் தாமும் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதாகவும், புதுப் பெயரைச் சபையில் கூப்பிடுவதைக் காதால் கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பெயர் பார்க்கும்போது ஹூ மாஸ்டர் கண்ணை மூடிக்கொள்வார். தான் மூடிக்கொள்ளவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம் என்று யாவ் டீச்சருக்குத் தோன்றியது.

அன்றிரவே பெற்றோர்களின் கைபேசிக் குழுவில் செய்தி பரவியது. யாவ் டீச்சர் அறிவியல் முறைப்படிப் பெயர் பார்க்கிறார். மறுநாளிலிருந்து ஆய்வுக்கூட வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஒரு பெண்மணி தன் முடிதிருத்தும் கடைக்கு நல்ல தனிமமாகக் கேட்டாள். நுவோ என்ற பையனின் அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். "நொபீலியமா? ஆய்வுக்கூடத்துல மனுஷன் செஞ்சதா? அப்ப என் பையன் டூப்ளிகேட்டா?"

பாடத்தின் மேல் ஊருக்கு இத்தனை ஆர்வம் வந்ததே இல்லை என்று கோங் அறிக்கையில் எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

*

ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவும் முறை அந்த வாரம் ஃபாங்குக்கு வந்தது. கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"என் பேர மாத்திட்டீங்களாமே டீச்சர்?"

"உங்க அப்பா கேட்டார்மா."

"நான் கேக்கலையே."

டீச்சர் கழுவிய குழாய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நூலகத்துல போய்ப் படிச்சேன்," என்றாள் ஃபாங். அவள் நூலகத்துக்குப் போனாள் என்பதே தனிச் செய்தி. "ஃபிரான்சியத்த இதுவரைக்கும் கண்ணால பாத்தவங்க யாருமே இல்லையாம். பாக்கற அளவுக்கு ஒண்ணா சேத்தா, அதோட சொந்தச் சூட்டுலயே ஆவியாப் போயிருமாம். எனக்குப் புடிச்சிருக்கு டீச்சர். இந்த ஊர்ல என்ன எல்லாரும் பாத்துக்கிட்டேதான் இருக்காங்க. கடைல பாக்கறாங்க, தெருவுல பாக்கறாங்க. பேனா முள்ளா இருந்து நான் என்ன பண்ண? யாரோ எழுதறதுக்குத் தேயவா?"

"பொது வகுப்புக்கு மட்டும்தான், ஃபாங். அப்பா சமாதானமாயிருவார்."

"ஒரு சந்தேகம் டீச்சர். இருவத்திரெண்டு நிமிஷத்துல பாதி போகுது. அடுத்த இருவத்திரெண்டுல மிச்சத்துல பாதி. அப்படியே போனா எப்பதான் தீரும்?"

அந்த வருடத்தில் யாவ் டீச்சரிடம் ஒருவர் கேட்ட முதல் உண்மையான கேள்வி அது. யாவ் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒத்திகைக்கு நேரமாகியிருந்தது. "அது பெரிய வகுப்புப் பாடம்மா. உங்க பரீட்சைக்கு வராது," என்றாள்.

"சரி டீச்சர்," என்றாள் ஃபாங், ஆசிரியர்களுக்கென்றே மாணவர்கள் வைத்திருக்கும் அந்தச் சரியைச் சொல்லி.

ஒத்திகைக்கு அந்த ஊர் ஆசிரியர்கள் வைத்த பெயர் பாடம் அரைத்தல். சோயா அரைப்பதுபோல் திரும்பத் திரும்ப அரைப்பார்கள். எந்தக் கேள்விக்கு யார் கை தூக்குவது, யார் தவறான பதில் சொல்வது, தவறைக் கேட்டு யார் சிரிப்பது என எல்லாம் முடிவாகிவிடும். தவறான பதில் லின்னுக்கு ஒதுக்கப்பட்டது. அவன் அதை மிகச் சரியாக மனப்பாடம் செய்திருந்தான். மெக்னீசியம் எரியும்போது வியப்பு ஒலி எழுப்புவதைக் கோங்கே முன்னால் நின்று பயிற்றுவித்தார். "கொஞ்சம் தாமதமா வருது. ஒளியப் பாத்ததும் வரணும்." பிள்ளைகள் உண்மையிலேயே வியந்த முதல் நாளின் ஒலி, அரைக்க அரைக்கக் காணாமலே போனது. இப்போது எழுந்தது பள்ளி மணிபோல் ஒரே சீரான ஒலி.

புதுப் பெயரை யாவ் டீச்சர் ஒத்திகைகளில் கூப்பிடவில்லை. அந்த இடம் வரும்போது, "இங்க ஃபாங் எழுந்திருக்கணும்," என்று மட்டும் சொல்லிக் கடந்துபோனாள். ஏன் என்று தன்னையே அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

*

பொது வகுப்பு அரங்கில் நடந்தது. மேடைமேல் மாணவர் மேசைகள். கீழே முதல் வரிசையில் நடுவர்கள், அவர்கள் பின்னால் வேற்றூர் ஆசிரியர்கள், கடைசியில் பெற்றோர்கள். மெங் ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கோட்டு அணிந்து வந்திருந்தார்.

எல்லாம் அரைத்தபடியே நடந்தது. ஹான் மெய் எரிந்தாள், வியப்பு ஒலி நேரத்துக்கு எழுந்தது. ஜியா உருகினான். லின் தவறினான். நடுவர்கள் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்கள். முதல் வரிசை நடுவர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் புன்னகைத்ததை யாவ் டீச்சர் பார்த்தாள். தலைநகரின் சேறாகாத தெரு ஒன்று அவள் மனதில் தெரிந்தது.

"இப்போ, அரிக்கப்படாத, அழியாத உலோகம்," என்றாள். "மெங் யீ!"

யாரும் எழுந்திருக்கவில்லை.

"மெங் யீ," என்றாள் மறுபடியும்.

ஃபாங் கையைத் தூக்கினாள். "டீச்சர், அவ இன்னிக்கு வரல."

வகுப்பு சிரித்தது. இது அரைக்காத சிரிப்பு. கோங் ஓரத்தில் நின்று குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் மெங் பாதி எழுந்து நின்றார்.

யாவ் டீச்சருக்கு வழி இருந்தது. வராதவரை விட்டுவிட்டு அடுத்த தனிமத்துக்குப் போயிருக்கலாம். பாடம் கெட்டிருக்காது. ஆனால் அந்தப் பெண் தூக்கிய கையைக் கீழே இறக்காமல் காத்திருந்தாள். மூன்றாம் பிரிவில் இதுவரை யாரும் சொல்லிக் கொடுக்காமல் கை தூக்கியதில்லை.

"அப்ப மெங் ஃபாங்," என்றாள் டீச்சர்.

ஃபாங் எழுந்தாள். "ஃபிரான்சியம். எண்பத்தேழு. இருவத்திரெண்டு நிமிஷத்துல நான் பாதியாயிருவேன். அடுத்த இருவத்திரெண்டுல மிச்சத்துல பாதி. இந்த வகுப்பு நாப்பத்தஞ்சு நிமிஷம். அதனால மணி அடிக்கும்போது இங்க கால்வாசி இருப்பேன்." கொஞ்சம் யோசித்தாள். "மத்த வகுப்புல அவ்வளவுகூட மிஞ்ச மாட்டேன்."

அரங்கம் கெக்கே பிக்கேயென்று சிரித்தது. நடுவர் ஒருவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். யாவ் டீச்சரும் சிரித்துவிட்டாள். பிறகு அரைத்ததையெல்லாம் மறந்துவிட்டு, கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்து பாதியை அழித்தாள். மீதியில் பாதியை அழித்தாள். "எப்ப தீரும்?" என்று கேட்டாள். யார் கை தூக்குவது என்று ஒதுக்கியிராததால் எல்லாக் கைகளும் உயர்ந்தன. மணி அடித்தது அவள் காதில் விழவில்லை.

முடிவு அன்று மாலையே வந்தது. இரண்டாம் பரிசு. அரை ஆயுள் ஒன்பதாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் இல்லாததால் மதிப்பெண் குறைத்திருந்தார்கள். நேரம் மீறியதற்கும் குறைத்திருந்தார்கள். கூடவே ஒரு பாராட்டும் இருந்தது. வராத மாணவி என்ற உத்தி மிக நுட்பமாகத் திட்டமிடப்பட்டு, சிறப்பாக ஒத்திகை பார்க்கப்பட்டிருந்ததாம்.

"இன்னும் ஒரே ஒரு தடவ அரைச்சிருக்கணும்," என்றார் கோங், துக்கம் விசாரிக்கும் குரலில்.

அவள் தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மெங் மாடிப்படியின் அடியில் காத்துக்கொண்டிருந்தார்.

"பேச்சு மாறிட்டீங்க டீச்சர்."

"ஆமாங்க. மனு எழுதறதுன்னா எழுதுங்க." இழக்க ஒன்றும் மிச்சமில்லாததால் அதைச் சொல்வது எளிதாக இருந்தது.

அவர் மனுவைக் கையசைத்து ஒதுக்கினார். "கால்வாசி மிஞ்சும்னாளே, அது நெசமா? இல்ல உங்க பாடத்துக்காகச் சொன்னாளா?"

"நெசம்தான்."

"அப்புறம்?"

"அதுல பாதி."

"அப்புறம்?"

"அதுலயும் பாதி."

"தீரவே தீராதா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு முறை அவருக்கு வேண்டியதைச் சொல்லிப் பார்த்தாயிற்று.

"தீரும்ங்க," என்றாள். "கடைசியா ஒரே ஒரு அணு நிக்கும். அதுவும் ஒரு நாள் போயிரும். ஆனா அது எப்பப் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. அடுத்த நொடியிலயும் போகலாம், ரொம்ப நேரம் நின்னாலும் நிக்கலாம்."

"ஹூ மாஸ்டராலகூடவா?"

"அவராலயும் முடியாது. என்னாலயும் முடியாது."

மெங் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். படிகளில் பிள்ளைகள் கத்திக்கொண்டே இறங்கிப் போனார்கள். "அப்ப எல்லாரையும் மாதிரித்தானே டீச்சர்," என்றார் கடைசியில். "இதுக்கா என் பொண்டாட்டி சோறு திங்காமக் கெடந்தா?"

வாசலில் ஃபாங் மிதிவண்டிமேல் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தாள். "அப்பா, வர்றீங்களா இல்லையா? கடையத் திறக்கணும்!"

"இருடி ஃபாங், வரேன்!" என்று மெங் கூவிவிட்டு, கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மகளை நோக்கி நடந்தார்.